மகன் கையில் கயிறு, பள்ளி வாசலில் அடிதடி: பெற்றோர் என்ன செய்யலாம்?

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து ஒரு தாயாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் இரண்டு நிறம் முறுக்கிய, சாதியைக் காட்டும் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். கேட்டால் "எல்லாரும் கட்டியிருக்காங்கம்மா" என்கிறான். போன வாரம் பள்ளிக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் அடிதடி நடந்திருக்கிறது. செல்போனும் சினிமாவும்தான் காரணமா, பள்ளியை மாற்றிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. பிள்ளை வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கவும் கூடாது, வெட்டியவனாகச் சிறுவர் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கவும் கூடாது. அதற்கு இப்போதே எதைக் கவனிப்பது, யாரிடம் போவது என்பதுதான் அது. அதற்கே பதில் சொல்கிறேன். நீங்கள் என்ன சமூகம் என்று எழுதவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. உங்கள் மகன் சீண்டப்படுகிறானா, சீண்டும் கூட்டத்தில் நிற்கிறானா என்பதை வைத்துத்தான் செய்ய வேண்டியது மாறும். அதனால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சாதி மாணவனை, அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து, அதே பள்ளி மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். உறவினரான பெரியவர் ஒருவர் அதிர்ச்சியில் இறந்துபோனார். அரிவாளை மட்டும் பார்த்தால் "இந்தக் காலத்துப் பிள்ளைகள் மிருகமாகிவிட்டார்கள்" என்று சொல்லத் தோன்றும். அதற்கு முந்தைய நாட்களை வரிசையாகப் பாருங்கள். பள்ளியில் சீண்டல் இருந்தது. பையன் சில நாட்கள் பள்ளிக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்தார்கள். விஷயம் வெளியே வந்தது, புகார் போனது, பள்ளி விசாரித்தது. விசாரித்த கையோடு இரவில் வெட்டு விழுந்தது. சொல்ல வேண்டியவன் சொல்லியிருக்கிறான், கேட்க வேண்டியவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆனால் புகாருக்கும் அன்றைய இரவுக்கும் இடையில் அந்தக் குடும்பத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. புகார் கொடுக்கும் நாளின் மாலையும் இரவும்தான் மிக ஆபத்தான நேரம் என்பதை நம் பள்ளிகள் இன்னும் உள்வாங்கவில்லை. நான் எழுதுவதில் இது ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டாலும் போதும்.

அரிவாள் கடைசிப் படி. அதற்குக் கீழே பல படிகள் இருக்கின்றன, அவை எல்லாமே கண்ணுக்குத் தெரிபவை. முதலில் பட்டப்பெயர். பிறகு ஏவல்: "ஏலே, பாட்டில்ல தண்ணி புடிச்சிட்டு வா", "பையைத் தூக்கிட்டு வா", "கடையில முறுக்கு வாங்கிட்டு வா", காசு தராமல். பிறகு இடம் பிரிப்பது: பஸ்ஸில் கடைசி சீட் யாருடையது, இடைவேளையில் குழாயடியில் யார் முதலில், சைக்கிள் ஸ்டாண்டில் யார் வண்டியில் காற்று பிடுங்கப்படும் என்பது. அதன்பின் தள்ளுமுள்ளு, சட்டைப்பை கிழிவது. பிறகு ஒருவன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வான், அல்லது வாத்தியாரிடம் போவான். அங்கிருந்துதான் "எங்களையே எதிர்த்தானா" என்று கூட்டம் சேர்கிறது. முதல் மூன்று படிகளைப் பெரும்பாலான பள்ளிகள் "பசங்க விளையாட்டு" என்று கடந்துவிடுகின்றன. பையன் அடிபட்டால்தான் அது புகார் என்ற கணக்கை மாற்ற வேண்டும். ஏவல் தொடங்கினாலே அது புகார்தான்.

காரணங்களில் எனக்கு உறுதியாகத் தெரிபவற்றை முதலில் சொல்கிறேன். சாதியைப் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடிப்பதில்லை. கோயில் கொடை விழா ஃபிளெக்ஸ் பேனரில் பத்து வயதுப் பையனின் போட்டோவைச் சாதிப் பட்டத்தோடு போடுவது பெரியவர்கள்தான். கயிற்றை மொத்தமாக வாங்கி வந்து விநியோகிப்பவன் பெரும்பாலும் படிப்பை விட்ட அண்ணன் ஒருவன், அல்லது அவனுக்கும் பின்னால் இருக்கும் ஆள். இரண்டாவது, அடி. வீட்டிலும் வகுப்பிலும் அடி வாங்கி வளரும் பிள்ளை, தகராறு வந்தால் அடிப்பதே தீர்வு என்று கற்றுக்கொள்கிறது. இதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே பக்கம் நிற்கின்றன. 2009 கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. "நாலு போடு போட்டாத்தான் அடங்குவாங்க" என்று வாத்தியாரிடம் சொல்லும் பெற்றோர், தங்களுக்குத் தெரியாமலே இந்தத் தீக்கு விறகு போடுகிறார்கள்.

மூன்றாவது, வயதும் கூட்டமும். 2005இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையில், கார் ஓட்டும் கணினி விளையாட்டைத் தனியாகவும் நண்பர்கள் பக்கத்தில் நிற்கவும் ஆட வைத்தார்கள். நண்பர்கள் நின்றபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் எடுத்த ஆபத்து மிகவும் கூடியது. 24 வயது தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் ஏறக்குறைய இல்லை. தனியாக இருக்கும்போது அடக்கமாகப் பேசும் பையன் நாலு பேரோடு சேர்ந்தால் வேறு ஆளாகிறான் என்று நாம் பார்ப்பதற்கு இதில் விளக்கம் இருக்கிறது. நான்காவது, வேடிக்கை பார்ப்பவர்கள். கனடாவில் பள்ளி விளையாட்டுத் திடல்களைப் பதிவு செய்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், பத்துச் சீண்டல்களில் கிட்டத்தட்ட ஒன்பதில் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றிருந்தார்கள். இடையில் புகுந்து தடுத்தது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவான தடவைதான். அப்படித் தடுத்தபோது 57 சதவீதம் முறை பத்து விநாடிக்குள் சீண்டல் நின்றது. பத்தே விநாடி. இதைப் படிக்கும் ஒவ்வொரு வகுப்பு ஆசிரியரும் தன் வகுப்பில் யாருக்கும் பயப்படாத, எல்லோருக்கும் பிடித்த நாலு பிள்ளைகள் யார் என்று இன்றைக்கே குறித்துக்கொள்ள வேண்டும். "விடுலே, போதும்" என்று சொல்லும் துணிச்சலை அவர்களுக்குத்தான் முதலில் தர வேண்டும்.

சினிமா, கேம், செல்போன் பற்றி உறுதியாகப் பேச முடியாது. வன்முறைக் காட்சிகளைப் பார்ப்பதற்கும் முரட்டுத்தனமான எண்ணத்துக்கும் சிறு தொடர்பைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அதுவே ஆளை வெட்டும் அளவுக்குக் கொண்டுபோகுமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஒரே படத்தை லட்சம் பிள்ளைகள் பார்க்கிறார்கள், அரிவாள் தூக்குவது ஒன்றிரண்டு பேர். செல்போன் விஷயத்தில் என் கருத்து சற்று வேறு. அது பகையை உண்டாக்குகிறதோ இல்லையோ, பின்வாங்கும் வழியை அடைத்துவிடுகிறது. முன்பு குழாயடியில் நடந்த அவமானம் பத்துப் பேருக்குத் தெரியும், நாலு நாளில் ஆறும். இப்போது அது ரீல்ஸாகி, சாதிப் பாட்டும் சேர்ந்து, இரவுக்குள் ஊர் முழுக்கச் சுற்றுகிறது. சும்மா இருக்க நினைக்கும் பையனையும் "பார்த்துக்கிட்டு இருக்கியாலே" என்று பத்துப் பேர் உசுப்பிவிடுகிறார்கள். அதனால் போனைப் பிடுங்குவதை விட, அவன் எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறான், அதன் அட்மின் யார், அவனுக்கு என்ன வயது என்று தெரிந்துகொள்வது அவசரம்.

எல்லா வன்முறையும் சாதியால் வருவதும் இல்லை. 2025 ஏப்ரல் 15 அன்று பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் சக மாணவனை வகுப்பறையிலேயே அரிவாளால் வெட்டினான், தடுத்த ஆசிரியரும் காயப்பட்டார். பென்சில் தொடர்பாக இருவருக்கும் முன்பே மனத்தாங்கல் இருந்ததாகக் காவல்துறை சொன்னது. பென்சிலுக்காகவா என்று ஊரே கேட்டது. நான் பார்ப்பது அந்த இடைவெளியை: இரண்டு பிள்ளைகள் பேச்சை நிறுத்திய நாளுக்கும் பையில் அரிவாள் வந்த நாளுக்கும் நடுவில், அதைக் கவனித்துக் கேட்க ஒரு பெரியவர் இருந்திருக்க வேண்டும்.

இப்போது கயிறு. 2019 ஜூலை இறுதியில் பள்ளிக் கல்வி இயக்குநர், நிறக் கயிறு கட்டும் வழக்கம் உள்ள பள்ளிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்புக் கிளம்பியதும் அது தன் கவனத்துக்கு வராமல் போனது என்று அன்றைய அமைச்சர் சொன்னார், விஷயம் கிடப்பில் போனது. 2022 ஏப்ரலில் பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளியில் கயிறு பற்றிய வாய்த்தகராறு அடிதடியாகிப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இறந்தான். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி, சாதி நிறம் பூசிய சைக்கிள் இவற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, அகர வரிசையில் உட்கார வைப்பது, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்று பல பரிந்துரைகள் அதில் உள்ளன. கயிற்றைத் தடுப்பது சரி என்றே நினைக்கிறேன், ஏனென்றால் யார் எந்தப் பக்கம் என்று தூரத்திலிருந்தே காட்டும் அடையாளம் சண்டையில் ஆள் சேர்க்க உதவுகிறது. ஆனால் அதோடு முடிந்தது என்று இருந்துவிட்டால், கயிறு கழன்ற இடத்தில் பனியன் நிறம் வரும், செயின் டாலர் வரும், போன் வால்பேப்பர் வரும். என் கணக்கில் அந்த அறிக்கையில் உயிரைக் காக்கக்கூடியது நல அலுவலர் பரிந்துரைதான். தேர்ச்சி சதவீதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆசிரியரிடமே இந்தச் சுமையையும் ஏற்றினால், அது எப்போதும் கடைசி வேலையாகத்தான் இருக்கும்.

வீட்டில் என்ன தெரியும் என்று பார்ப்போம். சீண்டப்படும் பிள்ளையின் வாட்டர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வரும். தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், அங்கேதான் வாத்தியார் கண் படாது. காலையில் வயிற்றுவலி வரும், அதுவும் பி.டி. பீரியட் இருக்கும் கிழமையிலேயே வரும். வழக்கமான பஸ்ஸை விட்டு முந்தின பஸ்ஸில் போவான். ஜாமெட்ரி பாக்ஸ் மூன்று மாதத்தில் இரண்டு தடவை தொலையும். பத்து இருபது ரூபாய் அடிக்கடி கேட்பான், செலவுக்கணக்கு ஒட்டாது. மறுபக்கம், கூட்டத்தோடு சேரும் பிள்ளையிடம் படிப்பை விட்ட, பைக் வைத்திருக்கும் புது அண்ணன்கள் தெரிவார்கள். டி.பி.யில் சாதித் தலைவர் படம் வரும். இன்னொரு சாதியைச் சொல்ல முன்பு வாயில் வராத ஒரு சொல் வரும். "அவனுக்கு இருக்கு ஒரு நாள்" என்று தம்பியிடம் சொல்வது காதில் விழும். அதைச் சும்மா பேச்சு என்று விடாதீர்கள். அமெரிக்காவில் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் வந்த அரசு அறிக்கை, ஐந்தில் நான்கு சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது என்கிறது. அவை பெரும்பாலும் துப்பாக்கிச் சம்பவங்கள், தனி ஆள் செய்தவை, இங்கே நடப்பது பெரும்பாலும் கூட்டமாக. அப்படியே பொருத்த முடியாது. ஆனால் கூட்டம் என்றால் தெரிந்தவர் எண்ணிக்கை கூடுமே தவிரக் குறையாது.

மகன் சீண்டப்படுகிறான் என்றால் புகாரை இந்த முறையில் கொண்டுபோங்கள். முதலில் அவன் சொல்லச் சொல்ல எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அதே வார்த்தையாக, யார் பார்த்தது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால் அதையும் மழுப்பாமல் எழுத வேண்டும், பின்னால் வழக்கின் பிரிவையே அதுதான் தீர்மானிக்கும். தலைமை ஆசிரியரைப் பள்ளி முடியும் நேரத்தில் போய்ப் பார்க்காதீர்கள். காலையிலேயே போங்கள், அப்போதுதான் மாலைக்குள் ஏற்பாடு செய்ய அவகாசம் இருக்கும். மனுவின் நகலில் தேதியும் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். எதிர்த்தரப்பு மாணவர்களைக் கூப்பிடும் முன்பே மூன்றைக் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்: இன்று மாலை என் பிள்ளை எப்படி வீட்டுக்கு வருவான், அந்தப் பிள்ளைகளை யார் கையில் ஒப்படைப்பீர்கள், காவல் நிலையத்துக்கு யார் சொல்வது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை அன்றைக்கே வரவழைத்து, அவர்கள் கையில் ஒப்படைத்துத்தான் அனுப்ப வேண்டும். மிரட்டல் ஏற்கெனவே வந்திருந்தால், பள்ளிக்குப் போகும் முன்பே காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். அன்று இரவும் அடுத்த சில நாட்களும் பிள்ளையை உறவினர் வீட்டில் வைத்திருப்பது கோழைத்தனம் அல்ல.

பள்ளிகள் இங்கே செய்யும் பெரிய தவறு, இரண்டு பேரையும் ஒரே அறையில் நிறுத்தி "கை குலுக்கிட்டுப் போங்கடா" என்பது. சம பலம் உள்ள இருவர் சண்டைக்கு அது பொருந்தலாம். ஐந்து பேர் ஒருவனைச் சீண்டும் இடத்தில் அது, சொன்னவன் யார் என்று ஐந்து பேருக்கும் காட்டிக்கொடுப்பதாகும். நல்ல எச்.எம். தனித்தனியாக, பார்த்தவர்களை முதலில், சீண்டியவர்களைக் கடைசியில் விசாரிப்பார்; "பஸ்ஸில் நடப்பது எங்களுக்குத் தெரியும்" என்று பொதுவாகத் தொடங்குவார், பெயரைச் சொல்ல மாட்டார். புகார்ப் பெட்டி வைப்பதிலும் இதே தவறு நடக்கிறது. எச்.எம். அறை வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிய பெட்டியில் எவனும் சீட்டுப் போட மாட்டான். நூலகத்துக்குள்ளோ, பலரும் வந்துபோகும் உள்வழியிலோ இருந்தால்தான் யாருக்கும் தெரியாமல் போட முடியும். பள்ளி கேட்கவில்லையென்றால் 14417 பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண், 1098 குழந்தைகள் உதவி எண்.

மகன் மறுபக்கத்தில் நிற்கிறான் என்றால் அடிக்காதீர்கள், ஊருக்குப் பயந்து மறைக்கவும் செய்யாதீர்கள். "ஏன் சேர்ந்தாய்" என்று கேட்டால் பதில் வராது. "சேரலைன்னா உன்னை என்ன சொல்லுவாங்க" என்று கேளுங்கள், வரும். பல பிள்ளைகள் வெறுப்பால் சேர்வதில்லை, தனியாகிவிடுவோம் என்ற பயத்தால் சேர்கிறார்கள். பள்ளி முடிந்து ஆறு மணி வரை அவனுக்கு ஒரு இடம் தேவை: கபடி, சிலம்பம், மெக்கானிக் கடை, எதுவானாலும் சரி, அங்கே எல்லாத் தெருப் பிள்ளைகளும் வர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. டி.சி. கொடுத்து அனுப்பும்படி பள்ளி சொன்னால் எளிதில் ஒப்புக்கொள்ளாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றச் சட்டமே அனுமதிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் பள்ளியை விட்டு வெளியே வரும் பையன் நேராகப் போய்ச் சேரும் இடம் அந்த பைக் அண்ணன்களிடம்தான்.

சட்டம் பற்றி இரண்டு பக்கமும் தவறான நம்பிக்கைகள் உண்டு. "மைனர் தானே, ஒண்ணும் ஆகாது" என்பது தவறு. 18 வயதுக்குக் கீழே என்றால் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் 24 மணி நேரத்துக்குள் நிறுத்துவார்கள். 16 வயது முடிந்த பிள்ளை கொலை போன்ற கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்து, வயதுவந்தவரைப் போல் விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்ப 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 15, 18ஆம் பிரிவுகளில் இடமிருக்கிறது. "ஒரு தடவை கேஸ் ஆனால் வாழ்க்கையே போச்சு" என்பதும் முழு உண்மை அல்ல. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, அப்படி வயதுவந்தவராகத் தண்டிக்கப்படாத பிள்ளைக்குப் பின்னாளில் அந்தக் குற்றத்தால் தகுதியிழப்பு வரக்கூடாது என்கிறது. 74ஆம் பிரிவு பெயரையும் படத்தையும் வெளியிடத் தடை செய்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்குப் பதிய முன்விசாரணை தேவையில்லை. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். அரசு நிவாரணத் தொகையும் உண்டு, அதில் ஒரு பகுதி வழக்கு முடியும் முன்பே தரப்பட வேண்டும்.

பள்ளியை மாற்றலாமா? மிரட்டல் உயிர்வரை போயிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், மானம் பார்க்கும் நேரமல்ல அது. அவ்வளவு இல்லையென்றால், பஸ் தடம் மாறாமல் பள்ளியை மட்டும் மாற்றுவதில் பயன் குறைவு. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பிளஸ் ஒன் மாணவன் ஒருவனை வெட்டியது பள்ளிக்குள் அல்ல, பரீட்சைக்குப் போகும் பஸ்ஸில். புதுப் பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு நாள் காலையும் மாலையும் அந்தப் பஸ்ஸில் நீங்களே போய் வாருங்கள். யார் எங்கே உட்காருகிறார்கள், நடத்துநர் கண்டிக்கிறாரா, இறங்கும் இடத்தில் ஆசிரியர் யாராவது நிற்கிறாரா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கடைசியாக அந்தக் கயிறு. இன்றிரவு அதைக் கத்தரிக்கோலால் வெட்டி எறியாதீர்கள். நாளைக்கே வேறொன்று வரும், உங்களிடம் பேசுவதுதான் நின்றுபோகும். அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கோபமில்லாமல் மூன்றே கேள்வி கேளுங்கள்: இதை யார் கொடுத்தது, கட்டாதவனுக்கு என்ன நடக்கும், கட்டாதவன் உங்கள் வகுப்பில் யார். மூன்றாவது கேள்விக்கு அவன் ஒரு பெயர் சொல்வான். அந்தப் பையனின் அம்மாவை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.